கிராண்டில் தாத்தா பெயர், வாட்ஸ்அப்பில் பேரன் பேச்சு

வாசகர் கேள்வி: வழக்கறிஞர் பதில்

கூலிம் வட்டாரத்துத் தோட்டப்புற நகர் ஒன்றிலிருந்து ஓய்வுபெற்ற கிராணி (தோட்டத்து எழுத்தர்) ஒருவர் நான்கு பக்கம் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணக்குகளில் கை வைக்கவில்லை.

கடிதத்தின் சாரம் இது. முப்பத்து நான்கு ஆண்டுகள் தோட்டத்து ஆபீசில் வேலை. ஓய்வுபெறும்வரை தோட்டத்து வீடு, அதற்குப் பிறகு டவுனில் குடியிருப்புப் பேட்டையில் ஒரு சிறிய தாமான் வீடு. ஒரே மகள் மருத்துவர். ஜார்ஜ்டவுனில் உள்ள மருத்துவமனையில் வேலை கிடைத்திருக்கிறது. பாலம் தாண்டித் தினமும் போய்வர முடியாது, இரவுப் பணியும் உண்டு. தாய், தந்தை, மகள் மூவருமாக பினாங்குக்கே குடிபோவது என்று முடிவாகிவிட்டது. லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில், போருக்கு முந்தைய காலத்துக் கடைவீடுகள் இரண்டைச் சேர்த்துப் புதுப்பித்திருக்கிறார்கள். அதன் மாடி முழுவதும் வாடகைக்கு. 2,300 சதுர அடி, மூன்று அறைகள், மரத்தளம், நடுவில் வானம் தெரியும் முற்றம், மாத வாடகை 4,800 ரிங்கிட். மகள் 3,500 தருவார். மீதி 1,300 ஐயாவின் சேமநிதியிலிருந்து.

வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். பேசுவதெல்லாம் அவருடைய அண்ணன் மகன். "கிராண்ட் (நில உரிமைப் பத்திரம்) இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கிறது, அவர் காலமாகிப் பதினோரு வருடம் ஆகிவிட்டது, ஆனால் எல்லாம் குடும்பத்துக்குள் பேசி முடித்தாயிற்று" என்று அவர் சொல்லியிருக்கிறார். இரண்டு மாத முன்பணம் 9,600, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம் 2,400, முதல் மாத வாடகை 4,800, ஆக 16,800 ரிங்கிட்டை வெள்ளிக்கிழமைக்குள் தன் சொந்தக் கணக்கில் போடச் சொல்கிறார். மூன்று ஆண்டுக்கு ஒப்பந்தம், "குடிவந்தபிறகு மெதுவாக எழுதிக்கொள்ளலாம்". இன்னும் இரண்டு பேர் காத்திருக்கிறார்களாம். எப்போதும் இரண்டு பேர்தான் காத்திருப்பார்கள். ஒருவரோ ஐவரோ காத்திருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஐயாவின் கேள்விகள்: போருக்கு முந்தைய வீட்டுக்கு வாடகையை ஏற்ற முடியாது என்று சட்டம் இருக்கிறதாமே? வேண்டாம் என்றால் இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்து, முன்பணத்தையே கடைசி வாடகையாகக் கழித்துக்கொண்டு வந்துவிடலாம் அல்லவா? ஓர் அறையைச் சுற்றுப்பயணிகளுக்கு ஏர்பிஎன்பியில் விட்டு வாடகையைச் சமாளிக்கலாமா? உள்ளே குடிபோய்விட்டால் யாரும் எழுப்ப முடியாது என்கிறார்களே? தகராறு வந்தால் நுகர்வோர் தீர்ப்பாயத்துக்குப் போகலாமா?

கடிதத்தின் கடைசிப் பத்தியில் ஒரு செய்தி. ஐயாவின் துணைவியார் ஒரு தீபாவளிக்கு முறுக்குத் தட்டோடு துரை பங்களாவின் பின்வாசல்வரை போயிருக்கிறார். அங்கிருந்து அண்ணாந்து பார்த்த அந்த உயரமான கூரை அவருக்கு இன்றுவரை மறக்கவில்லை. ஜார்ஜ்டவுன் வீட்டைப் பார்த்துவிட்டு வந்த அன்று இரவு அதைத்தான் சொன்னாராம்.

ஐயா, அந்த ஆசையில் ஒரு தப்பும் இல்லை. இந்த வயதில் இவ்வளவு பெரிய வீடு எதற்கு என்று உறவினர்கள் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கேள்வி என் மேசைக்கு வரவேண்டியதல்ல. மகளும் நீங்களும் கட்டக்கூடிய வாடகை என்றால் தாராளமாகக் குடிபோங்கள். நான் பேசப்போவது வீட்டைப் பற்றி அல்ல, அந்த வீட்டின் தாள்களைப் பற்றி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் தோட்டத்தில் வாழ்ந்த பழக்கத்திலேயே யோசிக்கிறீர்கள். அங்கே வீடு வேலையோடு வந்தது. தகரம் ஓட்டையானால் ஆபீசில் சொன்னால் போதும், தச்சர் வருவார். சுவருக்குச் சுண்ணாம்பு நிர்வாகமே அடிக்கும். துரை வாய்ச்சொல்லாகச் சொன்னாலும் அது நடக்கும், ஏனென்றால் மறுநாளும் அதே துரை அங்கேதான் இருப்பார். வாடகை வீட்டில் இது எதுவும் செல்லாது. வீட்டு வாடகைக்கென்று தனிச்சட்டம் வேண்டும் என்ற பேச்சு நம் நாட்டில் பல ஆண்டுகளாக இருக்கிறது. நான் இதை எழுதும்வரை அப்படியொரு சட்டம் வரவில்லை. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், தேசிய நிலச் சட்டத்தொகுப்பு, இன்னும் இரண்டு மூன்று பழைய சட்டங்கள், அவற்றோடு நீங்கள் கையெழுத்திடும் அந்தத் தாள். உங்களுக்கான பாதுகாப்பில் பெரும்பகுதி அந்தத் தாளில்தான் இருக்கிறது. அதைத்தான் வீட்டுக்காரரின் அண்ணன் மகனான அந்தத் தம்பி மெதுவாக எழுதிக்கொள்ளலாம் என்கிறார்.

முதலில் கிராண்ட்

உங்கள் கடிதத்தில் ஒரே வரியாக வந்துபோன விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கிராண்டில் இருப்பவர் இறந்து பதினோரு வருடமாகிவிட்டது. அப்படியானால் இன்று அந்த வீட்டை வாடகைக்கு விடும் அதிகாரம் யாருக்கு?

பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்பதால் மட்டும் யாருக்கும் அந்த அதிகாரம் வந்துவிடாது. உயில் இருந்தால் அதை நிறைவேற்றுபவராகப் பெயரிடப்பட்டவர் நீதிமன்றத்தில் உயில் மெய்ப்பு (புரோபேட்) வாங்கியிருக்க வேண்டும். உயில் இல்லையென்றால் யாராவது நிர்வாகப் பத்திரம் எடுத்திருக்க வேண்டும். அந்தத் தாளில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் இறந்தவரின் சொத்து சார்பில் கையெழுத்திடக்கூடியவர். இரண்டு பேர் பெயர் இருந்தால் இருவரும் கையெழுத்திட வேண்டும். சிங்கப்பூர் சித்தப்பாதான் நிர்வாகி என்றால் மிக நல்லது. அவரே கையெழுத்திடட்டும், அல்லது அண்ணன் மகனுக்கு முறையான அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்து, 1949ஆம் ஆண்டு அதிகாரப் பத்திரச் சட்டப்படி உயர்நீதிமன்றத்தில் அதைப் பதியட்டும். "நான்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறேன்" என்று வாட்ஸ்அப்பில் சொல்வது அதிகாரப் பத்திரம் ஆகாது.

இதில் என்ன கெட்டுவிடப்போகிறது என்று நீங்கள் கேட்கலாம். பெயர் சொல்லாமல் ஒன்றைச் சொல்கிறேன். என்னிடம் வந்த ஒரு குடும்பம், இறந்தவர் பெயரிலிருந்த வீட்டுக்கு மூத்த மகனிடம் மாதாமாதம் வாடகை கொடுத்துவந்தது. ஏழாம் மாதம் வேறு ஊரில் இருக்கும் மகள் ஒரு வழக்கறிஞர் கடிதம் அனுப்பினார்: அண்ணனுக்கு உரிமை இல்லை, வாடகையை என்னிடம் கொடுங்கள், இல்லையென்றால் காலி செய்யுங்கள். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்ற அந்தக் குடும்பத்தின் கையில் இருந்ததெல்லாம் வங்கிச் சீட்டுகளின் படங்கள்தான். முத்திரை போட்ட ஒப்பந்தம் இல்லை. முன்பணம் திரும்பி வரவே இல்லை.

ஆகையால், ஐயா, வெள்ளிக்கிழமை பணம் போடாதீர்கள். பினாங்கு நில அலுவலகத்தில் அந்தக் கிராண்டுக்கு ஒரு தேடல் போடுங்கள். கட்டணம் சிறியது, வழக்கறிஞர் அலுவலகம் எதுவும் செய்து கொடுக்கும். கிராண்டில் இருக்கும் பெயர், வங்கிக்கு அடமானம் இருக்கிறதா, யாராவது கேவியட் (கைமாற்றத்துக்குத் தடைக்குறிப்பு) போட்டிருக்கிறார்களா, மூன்றும் தெரிந்துவிடும். அடமானம் இருந்து கடன் கட்டாமல் விட்டால் வீடு ஏலத்துக்கு வரும். ஏலத்தில் எடுப்பவர் உங்கள் ஒப்பந்தத்தை மதிப்பார் என்பதற்கு உறுதி இல்லை. இரண்டு வீடுகளைச் சேர்த்துக் கட்டியது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கிராண்டும் இரண்டாக இருக்கலாம். இரண்டையும் பாருங்கள். சுவரை இடித்துச் சேர்த்ததற்கு மாநகர் மன்றத்தின் அனுமதி இருந்ததா என்பதையும் ஒருவார்த்தை கேட்டுவையுங்கள்.

முகவர் யாராவது இடையில் இருந்தால், சொத்து முகவர்களைப் பதிவுசெய்யும் வாரியம் கொடுத்த அட்டையும் எண்ணும் அவரிடம் இருக்க வேண்டும். பணம் நிறுவனத்தின் கணக்குக்குத்தான் போக வேண்டும், அவருடைய சொந்தக் கணக்குக்கு அல்ல. உங்கள் விஷயத்தில் முகவரே இல்லை. சரி, அப்படியென்றால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவரின் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்கட்டும்.

பழைய வீடு, பழைய சட்டம் இல்லை

போருக்கு முந்தைய வீட்டுக்கு வாடகையை ஏற்ற முடியாது என்று உங்களிடம் சொன்னவர் பொய் சொல்லவில்லை, காலம் தெரியாமல் சொல்லியிருக்கிறார். 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று ஒன்று இருந்தது. 1948 ஜனவரி 31க்குள் கட்டி முடித்த கட்டடங்களுக்கு அது பொருந்தும். ஜார்ஜ்டவுனின் கடைவீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொற்ப வாடகையில் தையல்காரர், பூக்கட்டுபவர், மளிகைக்காரர் எல்லாம் இருக்க முடிந்தது அதனால்தான். 1997இல் அந்தச் சட்டத்தை நீக்க ஒரு சட்டம் வந்தது. இடைக்காலம் 1999 டிசம்பரோடு முடிந்தது. 2000ஆம் ஆண்டு பிறந்ததும் வாடகை அவிழ்த்துவிட்ட காளையானது, பழைய குடிகள் பெட்டியைக் கட்டினார்கள். 2008இல் யுனெஸ்கோ மலாக்காவையும் ஜார்ஜ்டவுனையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபிறகு, காலியான அதே வீடுகள் உங்களைப் போன்றவர்களின் கண்ணில் படும்படி மினுக்கிக்கொண்டு நிற்கின்றன.

பாரம்பரியப் பட்டியல் கட்டடத்துக்குத்தான் காவல், குடியிருப்பவருக்கு அல்ல. ஒப்பந்தக் காலம் முடிந்தால் வாடகை எவ்வளவு என்பது வீட்டுக்காரரின் விருப்பம். அதனால் புதுப்பிக்கும் உரிமையை இப்போதே எழுதி வாங்குங்கள்: மூன்று ஆண்டு முடிந்தபின் இன்னொரு தவணை, வாடகை உயர்வு இத்தனை விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது, இத்தனை மாதத்துக்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று. "அப்போதைய சந்தை விலை" என்று எழுதினால் அது உரிமையாக இருக்காது, பேரமாகத்தான் இருக்கும்.

மூன்று ஆண்டு என்னும் எண்

மூன்று ஆண்டு என்பதை அந்தத் தம்பி காரணத்தோடுதான் சொல்லியிருப்பார். தேசிய நிலச் சட்டத்தொகுப்பின்படி மூன்று ஆண்டுக்கு உட்பட்ட வாடகையைக் கிராண்டில் பதிய வேண்டியதில்லை. அதைத் தாண்டினால் அது குத்தகை, பதிந்தாக வேண்டும். பதிய வேண்டாம் என்பது வசதிதான், ஆனால் அதில் ஒரு பள்ளம் இருக்கிறது. இடையில் வீட்டை வேறொருவருக்கு விற்றுவிட்டால், உங்கள் வாடகை உரிமை கிராண்டில் குறிக்கப்படாதபோது, புதிதாக வாங்கியவர் அதற்குக் கட்டுப்படாமல் போகலாம். பதியத் தேவையில்லாத வாடகையையும் நில அலுவலகத்தில் கிராண்டின் மேல் குறிப்பாக ஏற்ற வழி இருக்கிறது. பலர் அதைச் செய்வதில்லை. 4,800 ரிங்கிட் வாடகைக்கு, மருத்துவமனையை நம்பிக் குடிபோகும் குடும்பத்துக்கு, செய்வது நல்லது என்பேன். நல்ல விலை வந்தால் வாரிசுகள் கூடி விற்றுவிடக்கூடிய இடம் அது.

இனி உங்கள் இரண்டு மாத நோட்டீஸ். ஒப்பந்தத்தில் இடையில் விலகும் விதி இல்லாவிட்டால், நோட்டீஸ் கொடுத்து விலகும் உரிமையும் இல்லை. மூன்று ஆண்டுக்குக் கையெழுத்திட்டால் மூன்று ஆண்டு. மகளுக்குப் பதினான்காம் மாதம் கோலாலம்பூருக்கு மாற்றல் என்று வையுங்கள். மீதி இருபத்திரண்டு மாதம், 1,05,600 ரிங்கிட். வீட்டுக்காரர் அவ்வளவையும் அப்படியே வாங்கிவிட முடியாது. ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆவது பிரிவு நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது. அவரும் வேறு ஆள் தேடி நட்டத்தைக் குறைத்துக்கொள்ள முயல வேண்டும். ஆனால் எது நியாயம் என்பதை நீதிமன்றத்தில் போய்த்தான் நிறுவ வேண்டியிருக்கும். அதைவிட "பன்னிரண்டு மாதம் முடிந்தபின் இரண்டு மாத எழுத்து நோட்டீஸில் விலகலாம், முன்பணம் திருப்பித் தரப்படும்" என்று ஒரே வரி இப்போது எழுதிக்கொள்வது மலிவு. அவர் இணங்காவிட்டால் ஓர் ஆண்டுக்கு மட்டும் கையெழுத்திட்டு, இரண்டு முறை புதுப்பிக்கும் உரிமையைக் கேளுங்கள்.

கையெழுத்திடுவது யார் என்பதையும் யோசியுங்கள். வாடகையில் பெரும்பங்கு மகளுடையது. ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் சேர்ந்தே இருந்தால், பெரும்பாலும் முழு வாடகைக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியே பொறுப்பு என்ற விதியும் உடன் வரும். மகள் ஏதோ காரணத்தால் நிறுத்தினால் உங்கள் சேமநிதிதான் பதில் சொல்லும். மகளை நம்பாதே என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மகள் மட்டும் வாடகைதாரர், பெற்றோர் உடன் வசிப்பவர்கள் என்று எழுதினால் போதும்.

கையெழுத்தான முப்பது நாளுக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிடுங்கள். ஓராண்டுக்கு மேல் மூன்றாண்டுவரை என்றால் ஆண்டு வாடகையின் ஒவ்வொரு 250 ரிங்கிட்டுக்கும் 3 ரிங்கிட். உங்களுக்கு எழுநூறு ரிங்கிட்டுக்குள் முடியும். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியமாக எடுத்துக்கொள்ளாது. பிறகு தீர்வையோடு தண்டமும் கட்டித்தான் அதை உள்ளே கொண்டுபோக முடியும்.

"உள்ளே போய்விட்டால் எழுப்ப முடியாதாமே"

பாதி உண்மை. மீதிப் பாதிதான் ஆளைக் கவிழ்க்கும்.

1950ஆம் ஆண்டு "குறித்த நிவாரணச் சட்டம்" (Specific Relief Act) என்பதன் 7(2) பிரிவு, வாடகைக் காலம் முடிந்த பிறகும் குடியிருப்பவரை நீதிமன்றம் வழியாக அன்றி வெளியேற்றக்கூடாது என்கிறது. பூட்டை மாற்றுவது, சாமான்களை ஐந்தடி நடைபாதையில் தூக்கி வைப்பது, மின்சாரத்தை நிறுத்தி நெருக்குவது போன்றவற்றுக்கு வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை. தோட்டத்தில் வேலை போனதும் வீட்டையும் விடச் சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தப் பிரிவு இனிப்பாக இருக்கும்.

ஆனால் காலம் முடிந்தும் இருந்தால், 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் கீழ் அவர் இரட்டை வாடகை கேட்கலாம். மாதம் 9,600. வாடகை பாக்கி வைத்தால் 1951ஆம் ஆண்டு ஜப்திச் சட்டத்தின்படி பன்னிரண்டு மாத பாக்கிவரை நீதிமன்ற ஆணை பெற்று வீட்டிலுள்ள சாமான்களைக் கைப்பற்ற வைக்கலாம். ஆகவே இந்தப் பிரிவை ஒரு கேடயமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதை நம்பிக் கணக்குப் போட்டுக் குடிபோக வேண்டாம்.

முன்பணத்தைக் கடைசி இரண்டு மாத வாடகையாகக் கழித்துக்கொள்வதும் இப்படித்தான். எல்லாரும் செய்கிறார்கள் என்பது சரி, ஆனால் பெரும்பாலான ஒப்பந்தங்கள் அதைத் தடைசெய்கின்றன. கழித்துக்கொண்டால் ஒப்பந்தத்தை முறித்தவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். அதற்குப் பதில் குடிபோகும் நாளில் ஒரு காரியம் செய்யுங்கள். மகளின் கைப்பேசியை எடுத்துக்கொண்டு அறை அறையாக, கதவின் கீல், தரையின் கீறல், கழிவறைக் குழாய், மீட்டரின் எண் என்று படம் எடுத்து, அன்றே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். சாமான் பட்டியலில் இருவரும் கையெழுத்திடுங்கள். காலி செய்த எத்தனை நாளுக்குள் முன்பணம் திரும்ப வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். எந்தச் சட்டமும் உங்களுக்காக நாள் குறிக்கவில்லை.

தகராறு என்றால் நுகர்வோர் தீர்ப்பாயம் உதவாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நிலம், நிலத்தின் மீதான உரிமை சார்ந்தவற்றை ஒதுக்கிவைத்திருக்கிறது. 5,000 ரிங்கிட்வரை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில் வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். உங்கள் முன்பணமோ, தண்ணீர் மின்சாரத்துக்கான 2,400ஐயும் சேர்த்தால், 12,000. அது வழக்கமான வழக்காகத்தான் போகும்.

சுவர், மழை, மின்சாரச் சீட்டு

வீட்டை ஒரு வெயில் காலைப்பொழுதில் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். இன்னொருமுறை நல்ல மழையில் போய்ப் பாருங்கள். அந்த முற்றத்தின் வழியாக மழை உள்ளே விழும், அழகுதான். அந்தத் தண்ணீர் எங்கே வடிகிறது, பக்கத்து மரத்தளம் நனைகிறதா என்பதைக் கவனியுங்கள். உங்களுடையது மாடி, கீழே கடை இருந்தால் படிக்கட்டுப் பக்கத்துச் சுவரின் அடியைக் கையால் தொட்டுப் பாருங்கள். முழங்கால் உயரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்து, பெயிண்ட் அப்பளம்போல் எழும்பியிருந்தால் ஈரம் ஏறுகிறது என்று பொருள். பழைய சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். அது மூச்சுவிட வேண்டும். புதுப்பித்தவர்கள் மேலே சிமெண்ட் பூசியிருந்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். மரத்தளத்தை மூலைகளில் குதிகாலால் தட்டுங்கள். வெற்றொலி வந்தால் கரையான் பார்க்க ஆள் அழைக்கச் சொல்லுங்கள். அலமாரிக் கதவைத் திறந்து முகர்ந்து பாருங்கள். இதெல்லாம் சட்டம் இல்லைதான், ஆனால் இவற்றில் தொடங்கிய வழக்குகளைப் பார்த்திருக்கிறேன்.

கூரை, கட்டமைப்பு, கரையான், வடிகால், பழைய மின்கம்பி இவற்றின் பழுது வீட்டுக்காரருடையது என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எது யார் பொறுப்பு என்பதே தகராறாகும். இங்கே தச்சரை அனுப்ப ஆபீஸ் இல்லை. இன்னொன்று, ஆணி அடிப்பதற்குக்கூட கேட்டுச் செய்யுங்கள். முகப்பிலோ சன்னலிலோ வெளிச்சுவரிலோ, குளிர்சாதனப் பெட்டி மாட்டுவது உட்பட, வெளித்தோற்றத்தைத் தொடும் எந்த வேலைக்கும் பாரம்பரியப் பகுதியில் மாநகர் மன்றத்தின் அனுமதி வேண்டும். இரவுப் பணி முடிந்து பகலில் தூங்கும் மகளுக்குக் குளிர்சாதனம் தேவை என்றால், அது இருக்கிறதா என்பதை இப்போதே பாருங்கள்.

மின்சாரச் சீட்டின் பழைய மூன்று மாத நகல்களைக் கேளுங்கள். கடைவீடு என்பதால் வணிகக் கட்டணத்தில் இருக்கலாம், மாடிக்குத் தனி மீட்டர் இல்லாமலும் இருக்கலாம். கீழ்க்கடையின் குளிர்பெட்டிக்கும் சேர்த்து நீங்கள் கட்டிக்கொண்டிருக்கக் கூடாது. வீட்டுக்காரரின் தீக்காப்புறுதி அவருடைய கட்டடத்துக்குத்தான். உங்கள் சாமான்களுக்குத் தனியாக எடுக்க வேண்டும். மரத்தளமும் பொதுச்சுவரும் உள்ள வரிசை வீட்டில் அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அந்த மூன்றாவது அறை

சுற்றுப்பயணிக்கு அறை விடுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். வீட்டுக்காரரின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் உள்வாடகைக்கு விடுவது பெரும்பாலும் ஒப்பந்த முறிவு. அவர் ஒப்புக்கொண்டாலும் குறுகிய காலத் தங்கலுக்கு மாநகர் மன்றத்தின் விதிகள் இருக்கின்றன. அடுக்ககமாக இருந்தால் நிர்வாகக் கழகமே தடைசெய்யலாம் என்று 2020இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த அறையின் வருமானம் இல்லாமல் வாடகை கட்ட முடியாது என்றால், உங்கள் கைக்கு எட்டும் வீடு இது இல்லை. நீங்கள் தந்த கணக்கைப் பார்த்தால் அந்த நிலை இல்லை. ஆசைக்காகத்தான் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

கடலோரக் காண்டோ

கர்னி டிரைவ் பக்கம் 1,900 சதுர அடிக் காண்டோ ஒன்றை 3,900க்குப் பார்த்ததாகவும், துணைவியாருக்கு மனம் ஒட்டவில்லை என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். சட்டப்படி அது எளிய வீடு. அடுக்ககத்தில் அந்த ஒரு வீட்டுக்கென்று தனி ஸ்ட்ராட்டா கிராண்ட், உயிரோடு இருக்கும் உரிமையாளர், மின்தூக்கி, காவல், கார் நிறுத்த இடம். பராமரிப்புக் கட்டணமும் நில வரியும் மதிப்பீட்டு வரியும் உரிமையாளர் கட்ட வேண்டியவை. ஒன்றுமட்டும் கேளுங்கள்: அவர் பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்திருக்கிறாரா? பாக்கி இருந்தால் நிர்வாகம் நுழைவு அட்டையை முடக்கலாம். இரவு இரண்டு மணிக்குப் பணி முடிந்து வரும் மகள் வாசலில் நிற்க நேரும். கடைசியாகக் கட்டிய ரசீதைக் காட்டச் சொன்னால் போதும்.

எது வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். தாத்தா பெயர்ச் சிக்கலுக்கு நிர்வாகப் பத்திரம் என்ற பதில் கையில் வந்துவிட்டால், ஜார்ஜ்டவுன் வீட்டுக்கு என் பக்கத்திலிருந்து தடை இல்லை. வராவிட்டால், எவ்வளவு உயரமான கூரையாக இருந்தாலும், விட்டுவிடுங்கள்.

அந்தத் தம்பிக்கு இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்: "தம்பி, வீடு பிடித்திருக்கிறது. நிர்வாகப் பத்திரத்தின் நகல், கையெழுத்திடுபவரின் அடையாள அட்டை நகல், கிராண்டு எண், மூன்று மாத மின்சாரச் சீட்டு அனுப்புங்கள். எங்கள் வழக்கறிஞர் பார்த்ததும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, அன்றே முழுப் பணத்தையும் கையெழுத்திடுபவர் பெயரிலுள்ள கணக்கில் போடுகிறோம்." கோபம் இல்லை, சந்தேகம் இல்லை. நேர்மையானவர் என்றால் இரண்டு நாளில் அனுப்பிவிடுவார். "அந்த இரண்டு பேருக்கே கொடுத்துவிடுகிறேன்" என்று பதில் வந்தால் கொடுக்கட்டும்.

நகல் வந்ததும் எனக்கும் ஒன்று அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதற்குள் ஒரு வேலை இருக்கிறது. கடைவீட்டு மரப்படி எப்போதும் செங்குத்தாகத்தான் இருக்கும், கைப்பிடியும் ஒரு பக்கம்தான். துணைவியாருக்கு முழங்கால் வலி உண்டு என்று இரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். மழையில் வீடு பார்க்கப் போகும் அன்று அவரையும் அழைத்துப் போங்கள். கையில் ஐந்து கிலோ அரிசிப் பையைக் கொடுத்து, அந்தப் படியில் ஒருமுறை ஏறி இறங்கச் சொல்லுங்கள்.